தன் காலை முதலில் கத்திக்கு நீட்டிய டாக்டர்: குழந்தைகளின் தசை இறுக்கத்தை உலகுக்கு விளக்கிய லிட்டிலின் கதை

குழந்தைக்கு நாலு வயசு. குதிகால் தரையில் படுவதில்லை, விரல் நுனியில்தான் நடக்கிறது. தூக்கி நிறுத்தினால் இரண்டு கால்களும் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்கின்றன. இரண்டு வருஷமாக பிசியோதெரபி போய்க்கொண்டிருக்கிறது. இப்போது முதல் முறையாக டாக்டர் ஆபரேஷன் பற்றிப் பேசுகிறார்.

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கத்திலிருந்து எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கும் கே.கே.நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்துக்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்வரும் பல குடும்பங்களுக்கு இந்தக் கட்டம் வரும். செரிபிரல் பால்சி என்கிற மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்கு இருப்பது ஸ்பாஸ்டிசிட்டி, அதாவது தசை இறுக்கம். இதற்கு ஆபரேஷன் செய்யலாமா, எப்போது செய்யலாம், எதை வெட்டுவது, எதை விடுவது?

கிட்டத்தட்ட 200 வருஷங்களுக்கு முன் லண்டனில் ஓர் இளைஞர் இதே மாதிரியான கேள்வியோடு அலைந்தார். நோயாளியும் அவரே, பிற்பாடு டாக்டரும் அவரே. அவர் பெயர் வில்லியம் ஜான் லிட்டில். மூளை முடக்குவாதத்துக்கு நெடுங்காலம் இருந்த பெயரே 'லிட்டில் நோய்'தான்.

யார் இந்த லிட்டில்?

1810 ஆகஸ்ட் 7 அன்று கிழக்கு லண்டனில் பிறந்தார். பெற்றோர் 'ரெட் லயன்' என்ற விடுதியை நடத்திவந்தார்கள். சின்ன வயதில் அடுத்தடுத்து வந்த நோய்களில் ஒன்று அவருடைய இடது காலைப் பாதித்தது. அது இளம்பிள்ளை வாதம், அதாவது போலியோ என்று பிற்கால மருத்துவர்கள் கருதுகிறார்கள். தசைகள் பலவீனமாகி, பாதம் உள்பக்கமாக வளைந்து, குதிகால் மேலே தூக்கிக்கொண்டது. கிளப் ஃபுட் என்று சொல்லும் வளைபாதம்.

அந்தக் காலத்தில் இதற்கு இருந்த வைத்தியம் பட்டை, கட்டை, இரும்புச் சட்டம். எதுவும் பெரிதாக உதவவில்லை. பிரான்சில் செயின்ட் ஓமர் என்ற ஊரில் இருந்த பள்ளியில் கொஞ்ச காலம் படித்தார். பதின்பருவத்திலேயே லண்டனில் ஒரு மருந்தாளரிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார். 1828-ல் லண்டன் மருத்துவமனையில் மாணவரானார். 1832-ல் அறுவை மருத்துவர்களின் ராயல் கல்லூரியில் உறுப்பினரானார்.

மருத்துவம் படிக்க வந்ததற்குத் தன் காலும் ஒரு காரணம். இதை எப்படிச் சரிசெய்வது என்ற தேடல் மாணவப் பருவம் முழுக்க அவரோடு இருந்தது.

வெட்டலாமா, வேண்டாமா?

குதிகாலைக் கெண்டைத் தசையோடு இணைக்கும் தடித்த நாண்தான் அக்கிலிஸ் தசைநாண். பேச்சுவழக்கில் குதிகால் நரம்பு என்போம். ஆனால் இது நரம்பு கிடையாது, தசையை எலும்போடு கட்டும் கயிறு. வளைபாதத்தில் இந்தக் கயிறு சுருங்கிப்போய் குதிகாலை மேலே இழுக்கிறது. இதை வெட்டிவிட்டால் பாதம் இறங்குமா?

1816-ல் பிரான்சில் டெல்பெக் என்ற அறுவை நிபுணர் இதை முயன்று பார்த்தார். காயத்தில் சீழ் பிடித்தது. ஆற நாளானது. அதற்குப் பிறகு அவர் அதே ஆபரேஷனை மறுபடி செய்யவில்லை. கிருமி என்றால் என்னவென்றே தெரியாத காலம் அது. மயக்க மருந்தும் வரவில்லை. ஈதர் மயக்கம் 1846-ல்தான் வந்தது. லிஸ்டரின் கிருமிநாசினி முறை 1867-ல் வந்தது. அதனால் லண்டன் டாக்டர்கள் வேண்டாம் என்றதில் ஆச்சரியம் இல்லை. நொண்டி நடப்பது கஷ்டம்தான், ஆனால் சீழ் பிடித்துச் சாவது அதைவிட மோசம் என்பது அவர்கள் கணக்கு.

லிட்டில் விடவில்லை. 1834-ல் ஐரோப்பாவுக்குக் கிளம்பினார். லைடன், பெர்லின் என்று படிப்பும் தேடலுமாகச் சுற்றினார். ஜெர்மனியின் ஹானோவரில் லூயி ஸ்ட்ரோமேயர் என்பவர் இதே ஆபரேஷனை வேறு விதமாகச் செய்கிறார் என்று தெரியவந்தது.

ஹானோவரில் நடந்தது என்ன?

ஸ்ட்ரோமேயரின் யோசனை எளிமையானது. தோலைப் பிளந்து நாணை வெளியே காட்டினால்தானே சீழ் பிடிக்கிறது? எனவே தோலில் ஊசிக்குத்து அளவுக்குச் சின்னத் துளை. அதன் வழியாக மெல்லிய கத்தியை உள்ளே நுழைத்து, தோலுக்கு அடியிலேயே நாணை வெட்டுவது. சில நாள் கழித்து, துளை ஆறியதும், ஒரு கருவியில் பாதத்தைப் பொருத்திக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டுவது. வெட்டிய இடைவெளியில் புதுத் திசு வளர்ந்து நாண் மறுபடி சேர்ந்துகொள்ளும். முன்பைவிட நீளமாக.

1831-ல் தொடங்கி இதை அவர் சிலருக்குச் செய்திருந்தார். லிட்டில் அவசரப்பட்டுக் காலை நீட்டிவிடவில்லை. கூடவே இருந்து பார்த்தார், முடிவுகளை எடைபோட்டார். பிறகு 1836 ஜூன் 6 அன்று, 25 வயதில், தன் இடது காலை ஸ்ட்ரோமேயரிடம் ஒப்படைத்தார். மயக்கம் இல்லாமல் ஆபரேஷன் நடந்தது. பாதம் தரையில் படிந்தது.

அந்தக் காலோடு அவர் பெர்லினுக்குத் திரும்பியபோது, அங்கே புகழ்பெற்ற அறுவை நிபுணராக இருந்த டீஃபன்பாக் அசந்துபோனார். பிறகு அவரும் இந்த முறைக்கு மாறினார். லிட்டில் இதையே ஆய்வுப் பொருளாக எடுத்து 1837-ல் பெர்லின் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். ஸ்ட்ரோமேயர் மீது அவருக்கு இருந்த நன்றி பெரியது. தன் மகன் ஒருவருக்கு லூயி ஸ்ட்ரோமேயர் லிட்டில் என்றே பெயர் வைத்தார்.

லண்டன் திரும்பியதும்

1837 பிப்ரவரியில் லண்டனில் தோலுக்கு அடியில் நாண் வெட்டும் ஆபரேஷனை முதல் முறையாகச் செய்தார். 1839-ல் வளைபாதம் பற்றிய நூல் வந்தது. 1840-ல் ப்ளூம்ஸ்பரி சதுக்கத்தில், ஏழைகளுக்காக ஆர்த்தோபெடிக் மருத்துவமனை ஒன்று அவர் முயற்சியில் திறக்கப்பட்டது. 1845-ல் அரச அங்கீகாரம் கிடைத்து ராயல் ஆர்த்தோபெடிக் ஹாஸ்பிட்டல் ஆனது.

ஒரு சின்னத் தகவல். ஆர்த்தோபெடிக்ஸ் என்றால் இப்போது நமக்கு எலும்பு முறிவும் மூட்டு மாற்றும்தான் ஞாபகம் வரும். ஆனால் 1741-ல் பிரெஞ்சு மருத்துவர் நிக்கோலா ஆந்திரி இந்தச் சொல்லை உருவாக்கியபோது கிரேக்கத்தில் நேர், குழந்தை என்ற இரு சொற்களைச் சேர்த்தார். குழந்தைகளின் உடலை நேராக்கும் கலை என்பதே அதன் முதல் பொருள்.

லிட்டிலின் மருத்துவமனைக்கும் குழந்தைகள் குவிந்தார்கள். அங்கேதான் அவர் வேறு ஒன்றைக் கவனித்தார். சில குழந்தைகளின் கால் வெளிப்பார்வைக்குத் தன் கால் மாதிரியே இருந்தது. குதிகால் தூக்கியிருக்கும், பாதம் வளைந்திருக்கும். ஆனால் தொட்டுப் பார்த்தால் தசை பலவீனமாக இல்லை. விறைப்பாக, எதிர்த்துத் தள்ளுகிற மாதிரி இருந்தது. முழங்கால் மடங்கியிருந்தது, தொடைகள் ஒட்டியிருந்தன. சிலருக்குக் கைகளும் இறுகியிருந்தன. பேச்சு தாமதமாக வந்தது.

1840களில் அவர் ஆற்றிய உரைகளிலேயே இந்த விறைப்பு பற்றி வருகிறது. இருபது வருஷம் பொறுமையாகக் குறிப்பெடுத்தார். தாய்மார்களிடம் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்: குழந்தை பிறந்தபோது என்ன நடந்தது?

1861: அந்த ஒரு கட்டுரை

1861 அக்டோபர் 2 அன்று லண்டன் மகப்பேறு மருத்துவச் சங்கத்தில் லிட்டில் ஒரு கட்டுரை வாசித்தார். பேறுகாலம் பற்றி மகப்பேறு மருத்துவர்களுக்கே ஓர் ஆர்த்தோபெடிக் டாக்டர் சொல்ல வந்திருந்தார். 47 குழந்தைகளின் விவரங்களை அட்டவணை போட்டுக் காட்டினார்.

சிலர் குறைமாதத்தில் பிறந்தவர்கள். சிலர் நெடுநேரப் பிரசவத்தில் வந்தவர்கள். சிலர் பிறந்ததும் அழாமல், மூச்சுத் திணறி, நீலம் பாரித்துக் கிடந்தவர்கள். பிறந்த நேரத்து மூச்சுத்திணறல் மூளையையும் தண்டுவடத்தையும் பாதித்து, அதன் விளைவாகத் தசைகள் இறுகுகின்றன என்பது அவர் முடிவு.

அதுவரை பிரசவக் கோளாறின் முடிவு இரண்டே இரண்டு என்று நினைத்தார்கள்: குழந்தை இறக்கும், அல்லது பிழைத்து நன்றாக இருக்கும். இரண்டுக்கும் நடுவில் வாழ்நாள் முழுக்கத் தொடரும் ஒரு பாதிப்பு இருக்கிறது என்று சான்றுகளோடு காட்டியவர் லிட்டில். அறிவுத்திறன் பற்றியும் ஒன்று சொன்னார். பல குழந்தைகளுக்கு அது கொஞ்சமாகவோ அதிகமாகவோ பாதிக்கப்படுகிறது, ஆனால் சிலருக்குத் துளியும் பாதிப்பதில்லை என்றார். உடல் இறுகியிருப்பதால் புத்தியும் மந்தம் என்று முடிவுகட்டுகிற பழக்கம் இன்றும் நம் தெருக்களில் இருக்கிறது. அது தப்பு என்பதற்கான குறிப்பு 1861-லேயே இருக்கிறது.

பிரசவத்தின் மேல் விழுந்த பழி

லிட்டில் சொன்னது முழுக்கச் சரியா? இல்லை. இதைக் கேள்வி கேட்டவர் நமக்கெல்லாம் தெரிந்த ஒருவர்: சிக்மண்ட் ஃபிராய்ட். மனப்பகுப்பாய்வுக்குப் போவதற்கு முன் அவர் வியன்னாவில் நரம்பியல் டாக்டர். 1897-ல் குழந்தைகளின் மூளை வாதம் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். சிரமமான பிரசவத்தில் பிறந்தும் நன்றாக இருக்கும் குழந்தைகள் ஏராளம். அப்படியானால் சில குழந்தைகளுக்குக் கருவிலேயே ஏதோ கோளாறு ஏற்பட்டு, அதனாலேயே பிரசவமும் சிரமமாகியிருக்கலாமே என்று அவர் வாதிட்டார்.

கிட்டத்தட்ட 90 வருஷம் கழித்து, அமெரிக்காவில் 50,000-க்கும் அதிகமான கர்ப்பங்களைப் பின்தொடர்ந்த ஆய்வின் முடிவுகள் 1980களில் வந்தன. மூளை முடக்குவாதத்தில் பிரசவ நேர மூச்சுத்திணறலால் மட்டும் வருவது சிறிய பங்குதான் என்று தெரிந்தது. இந்தியா மாதிரி நாடுகளில் குறைமாதப் பிறப்பு, மூச்சுத்திணறல், கடுமையான மஞ்சள் காமாலை ஆகியவற்றின் பங்கு இன்னும் கவனிக்க வேண்டியது. ஆனால் பாதிப்பு எங்கே நடந்தது என்று பல குழந்தைகளுக்கு உறுதியாகச் சொல்ல முடியாது.

இது வெறும் புத்தக விவாதம் இல்லை. மாமியார் வீட்டில் பழி விழுவது பெரும்பாலும் அம்மா மேல்தான். கிரகணத்தில் வெளியே வந்தாயா, சரியாகச் சாப்பிட்டாயா என்ற விசாரணைகளுக்கு மருத்துவத்தில் எந்த ஆதாரமும் கிடையாது.

லிட்டில் காலும் இந்தக் குழந்தைகளின் காலும் ஒன்றா?

ஆபரேஷன் பற்றி யோசிக்கும் பெற்றோருக்கு இதுதான் முக்கியமான இடம்.

லிட்டிலின் காலில் பிரச்னை காலோடு நின்றது. போலியோ சில தசைகளைப் பலவீனமாக்கியது. எதிர்ப்பக்கத் தசை ஜெயித்துப் பாதத்தை வளைத்தது. மூளைக்குப் பாதிப்பு இல்லை. அதனால் ஒரு நாணை நீட்டியதும் கணக்கு நேரானது.

தசை இறுக்கம் உள்ள குழந்தைக்கு மூளையிலிருந்து வரும் கட்டுப்பாடு குறைந்திருக்கிறது. தசையை இழுத்தால் உடனே எதிர்த்து இறுகுகிறது. நாணை நீட்டினாலும் அந்தச் செய்தி மாறாது. குழந்தை வளரும்போது எலும்பு வேகமாக நீள, இறுகிய தசை பின்தங்கும், மறுபடி சுருக்கம் வரும். இன்னொரு ஆபத்தும் உண்டு. இடுப்பிலும் முழங்காலிலும் இறுக்கம் இருக்கையில் குதிகால் நாணை மட்டும் அளவுக்கு மீறி நீட்டிவிட்டால், குழந்தை முழங்காலை மடக்கிக் குனிந்து நடக்கத் தொடங்கும். அதைச் சரிசெய்வது முதல் பிரச்னையைவிடக் கஷ்டம்.

லிட்டில் இந்தக் குழந்தைகளுக்கும் நாண் வெட்டினார். கூடவே நீட்டும் கருவிகளும் உடற்பயிற்சியும் கொடுத்தார். முன்னேற்றம் கிடைத்ததாகவும் பதிவு செய்தார். ஆனால் மூளையின் பங்கையும் கால் தசையையும் சேர்த்து வைத்துத் திட்டமிடும் வழிகள் வர இன்னும் ஒரு நூற்றாண்டு ஆனது.

இன்றைக்கு என்னென்ன வழிகள்?

* பிசியோதெரபியும் ஸ்ப்ளின்ட்டும்: எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இது கூடவே வரும். கணுக்காலைத் தாங்கும் பிளாஸ்டிக் ஸ்ப்ளின்ட், மாவுக்கட்டு போட்டு மெதுவாக நீட்டுவது எல்லாம் இதில் சேரும்.

* போட்டாக்ஸ் ஊசி: குறிப்பிட்ட தசையைத் தற்காலிகமாகத் தளர்த்தும். பலன் சில மாதங்கள்தான். தசை ஏற்கெனவே நிரந்தரமாகச் சுருங்கியிருந்தால் பெரிதாக உதவாது.

* பேக்லோஃபென்: வாய்வழி மருந்தாகவோ, வயிற்றுத் தோலுக்கு அடியில் பம்ப் வைத்து நேராகத் தண்டுவட நீரில் செலுத்தியோ கொடுக்கலாம். பம்ப் செலவு அதிகம். குறிப்பிட்ட இடைவெளியில் மருந்து நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

* எஸ்.டி.ஆர்: தண்டுவடத்துக்கு உணர்வுச் செய்தி கொண்டுபோகும் நரம்பு வேர்களில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து வெட்டும் ஆபரேஷன். ஜெர்மன் நரம்பியல் நிபுணர் ஃபோர்ஸ்டர் 1900களின் தொடக்கத்தில் ஆரம்பித்தது. 1980களில் தென்னாப்பிரிக்காவின் பீக்காக் இதைச் செம்மைப்படுத்தினார். இறுக்கத்தின் மூலத்தையே குறைக்கும், ஆனால் வெட்டியதைத் திரும்பச் சேர்க்க முடியாது. முக்கியமாக இரண்டு கால்களிலும் இறுக்கம் இருந்து, கால் தசைகளில் போதுமான பலமும் உள்ள சிறு குழந்தைகளுக்குத்தான் பொருந்தும். பிறகு பல மாதம் தீவிரப் பயிற்சி அவசியம்.

* ஆர்த்தோ ஆபரேஷன்: நாண் நீட்டுதல், தசை இடமாற்றம், எலும்பு திருத்தம். இதுதான் லிட்டில் வழியின் தொடர்ச்சி. முன்பெல்லாம் இந்த வருஷம் குதிகால், அடுத்த வருஷம் முழங்கால், அதற்கடுத்து இடுப்பு என்று போகும். குழந்தையின் ஒவ்வொரு பிறந்தநாளும் ஆஸ்பத்திரியில்தான் என்று டாக்டர்களே கிண்டலாகச் சொல்வதுண்டு. இப்போது நடையை முழுதாக ஆராய்ந்து, தேவையானவற்றை ஒரே தடவையில் செய்யும் முறை விரும்பப்படுகிறது. நடை ஓரளவு நிலைபெறும் வயது வரை, பொதுவாக ஆறு வயதுக்கு மேல் வரை காத்திருப்பார்கள். ரொம்பச் சின்ன வயதில் செய்தால் மறுபடி சுருங்கும் வாய்ப்பு அதிகம்.

காத்திருக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு: இடுப்பு மூட்டு. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளில் சுமார் மூன்றில் ஒருவருக்கு இடுப்பு மூட்டு மெல்ல விலகும். ஆரம்பத்தில் வலி இருக்காது. நடக்காத குழந்தைகளுக்கு இந்த ஆபத்து மிக அதிகம். நடக்கவே இல்லையே, எக்ஸ்ரே எதற்கு என்று விட்டுவிடக் கூடாது.

சம்மதக் கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

* குழந்தை 'ஜி.எம்.எஃப்.சி.எஸ்' அளவில் எந்த நிலை? 1997-ல் கனடாவில் வந்த இந்த ஐந்து நிலை அளவுகோல், எதை எதிர்பார்க்கலாம் என்பதைப் புரியவைக்கும்.
* ஆபரேஷனின் நோக்கம் என்ன? நடையா, வலியைக் குறைப்பதா, உட்காரவைப்பதா, சுத்தம் செய்வதை எளிதாக்குவதா?
* இப்போது செய்யாவிட்டால் என்ன ஆகும்? ஒரு வருஷம் தள்ளிப்போட்டால்?
* இடுப்பு எக்ஸ்ரே கடைசியாக எப்போது எடுத்தது?
* ஆபரேஷனுக்குப் பிறகு எத்தனை மாதம் பயிற்சி? வீட்டுக்குப் பக்கத்தில் கிடைக்குமா? வேலைக்குப் போகும் அம்மா, அப்பாவில் யார் லீவு போடுவது?

கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியும். ஆனால் பயிற்சி நின்றுபோனால் ஆபரேஷனின் பலனும் கரைந்துவிடும்.

சென்னையில் எழும்பூர், கே.கே.நகர் தவிர, முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. கோட்டூர்புரத்தில் வித்யாசாகர், தரமணியில் தமிழ்நாடு ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி ஆகியவை 1980களிலிருந்து இந்தக் குழந்தைகளோடு வேலை செய்கின்றன. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் மூளை முடக்குவாதம் இருப்பதால் யு.டி.ஐ.டி அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். நேஷனல் டிரஸ்ட்டின் நிராமயா காப்பீடு வருஷத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை தருகிறது. அலுவலக வேலைகளுக்கு ஒரு குறிப்பு: ஆவடி, பூந்தமல்லி திருவள்ளூர் மாவட்டம். அம்பத்தூர் 2018 முதல் சென்னை மாவட்டம்.

லிட்டிலின் கடைசிக் காலம்

லிட்டில் 1863-ல் லண்டன் மருத்துவமனைப் பணியிலிருந்தும், 1884-ல் மருத்துவத் தொழிலிலிருந்தும் ஓய்வுபெற்றார். 1894 ஜூலை 7 அன்று கென்ட் பகுதியில் வெஸ்ட் மாலிங் என்ற ஊரில் காலமானார். அவர் மகன் மியூர்ஹெட் லிட்டிலும் இதே துறைக்கு வந்து, 1918-ல் பிரிட்டிஷ் ஆர்த்தோபெடிக் சங்கத்தின் முதல் தலைவரானார். அப்பா தொடங்கிய மருத்துவமனை 1905-ல் இன்னொன்றோடு இணைந்தது. ராயல் நேஷனல் ஆர்த்தோபெடிக் ஹாஸ்பிட்டல் என்ற பெயரில் இன்றும் லண்டனில் இயங்குகிறது.

லிட்டில் நோய் என்ற பெயர் பாடப்புத்தகங்களிலிருந்து மெல்ல மறைந்துவிட்டது. வேண்டாம் என்று பலர் சொன்ன அந்த ஆபரேஷனுக்குப் பிறகு, லிட்டில் அதே காலில் 58 வருஷம் நடந்தார்.